மேலான முடிவுக்காக

"மேலே மேலேன்னு சொல்றியே அத்தை, மேலேன்னா எங்க?"

சிட்டு இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. அன்று அத்தையோடு பள்ளிக்கூட ஆபீசுக்கு வந்து, மேசைக்கு அடியில் உட்கார்ந்து, பழைய கார்பன் தாளில் படம் வரைந்துகொண்டிருந்தாள். வருகிறவர்கள் எல்லோரிடமும் அத்தை ஒரே பதிலைச் சொல்வது காலையிலிருந்து அவள் காதில் விழுந்துகொண்டே இருந்தது. சான்றிதழில் பிறந்த தேதி தப்பா? மேலே அனுப்பியிருக்கு. ஒன்பதாம் வகுப்புக்கு இன்னும் நாலு பெஞ்சு வேணுமா? மேலே எழுதியிருக்கு. கழிப்பறைக் கதவு கழன்று விழுந்துவிட்டதா? மேலேயிருந்து உத்தரவு வரணும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தலையை நீட்டிக் கேட்டுவிட்டாள். கேட்ட கையோடு அண்ணாந்தும் பார்த்தாள். அங்கே ஒரு மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

அத்தைக்குச் சிரிப்பு வந்தது. "போனதுல எதுவும் திரும்பி வந்து சொன்னதில்லடி" என்று மட்டும் சொன்னாள்.

அந்த அரசு உயர்நிலைப் பள்ளியில் அத்தை இருபத்திரண்டு வருடமாக எழுத்தர். பிள்ளைகளுக்கும் வாத்தியார்களுக்கும் அவள் ஆபீஸம்மா. வாய் பேசாத ஆபீஸம்மா. நாலு பேர் சேர்ந்து நின்றால் அவள் குரல் தொண்டையிலேயே தங்கிவிடும். ஆனால் எழுத்து முத்து முத்தாக இருக்கும். மண்டல அலுவலகத்துக்குப் போகிற கடிதம் எதுவானாலும் கடைசி வரி ஒன்றுதான்: தங்கள் மேலான முடிவுக்காகப் பணிந்து அனுப்பப்படுகிறது. இருபத்திரண்டு வருடத்தில் அந்த வரியை எத்தனை ஆயிரம் தடவை எழுதியிருப்பாளோ. "மளிகைச் சீட்டுக்கு அடியிலயும் அதை எழுதிடாதே, கடைக்காரன் சாமானை மேலே அனுப்பிடப் போறான்" என்று அண்ணி கேலி செய்வாள்.

அத்தைக்கு வீடு என்றால் அண்ணன் வீடுதான். கல்யாணப் பேச்சு இரண்டு மூன்று தடவை வாசல் வரைக்கும் வந்து, வந்த வழியே போய்விட்டது. அண்ணன் கிடங்குகளுக்கும் பட்டறைகளுக்கும் கூரைத் தகடு போடுகிறவர். அண்ணி தையல் கம்பெனியில் காலர் தைக்கிறாள். சிட்டு அவர்களுக்கு ஒரே பெண். பெற்றவள் மெஷினில் உட்கார்ந்த நேரமெல்லாம் அந்தப் பிள்ளைக்குத் தலை வாரியதும் சோறு ஊட்டியதும் அத்தைதான்.

சிட்டு ஒன்பதாம் வகுப்பு பரீட்சை எழுதி முடித்த விடுமுறையில் அண்ணன் கூரையிலிருந்து விழுந்தார். இடுப்பு எலும்பு. எழுந்து உட்காரவே மாதக்கணக்காகும் என்றார்கள். வீட்டில் வேலைக்குப் போகிறவர்கள் இரண்டு பேர், படுக்கையில் ஒருவர், மிச்சம் இருந்தது சிட்டு. படிப்பை நிறுத்து என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் திறந்த அன்று அவள் அப்பாவுக்கு முதுகு துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். அத்தை குடையை எடுத்துக்கொண்டு அதே பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியபோது, சிட்டு வாசல் வரைக்கும் வந்து, "என் இடத்துல யாராவது உக்காந்தா எழுப்பிடாதே அத்தை, பாவம்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அப்படி இரண்டு வருடம் ஓடிவிட்டது.

கோடை விடுமுறையில் ஒரு நாள் அண்ணன் கட்டிலிலிருந்து தானே எழுந்து, தடியை ஊன்றிக்கொண்டு போய், குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தார். அன்று சாயங்காலம் அத்தை செருப்பைக் கழற்றுவதற்குள் சிட்டு ஓடி வந்தாள்.

"அப்பா தானே தண்ணி மொண்டு குடிச்சிட்டாரு அத்தை."

"அப்படியா!"

"ஆமா. சிந்தவே இல்ல." கொஞ்சம் நின்று, "நான் இனிமே பள்ளிக்கூடம் போலாமா?" என்றாள்.

ஒரு வருடத்துக்கு மேல் நின்றுபோன பிள்ளையைத் திரும்பச் சேர்க்க மண்டல அலுவலகம் அனுமதி தரவேண்டும். அந்த மாதிரி விண்ணப்பங்களை அவளே அனுப்பியிருக்கிறாள். பதில் வரும்போது பிள்ளைக்குக் கல்யாணமே முடிந்திருக்கும். அதுவும் சிட்டுவுக்கு அடுத்த வருடம் பதினேழு முடிந்துவிடும். பதினேழு முடிந்தவர்களுக்கு வகுப்பில் இடமில்லை. ஆக இந்த வருடம் விட்டால் எந்த வருடமும் இல்லை.

ஆனால் கிணறு வெட்டக் கிளம்பியவளுக்கு மழையே வந்த மாதிரி, அந்த விடுமுறையில்தான் புது ஆர்டர் வந்தது. பத்தொன்பது பக்கம். இனி பள்ளிக்கூடத்துக் காரியங்களைப் பள்ளிக்கூடமே முடிவு செய்துகொள்ளலாம் என்று சொன்னது. மணி எப்போது அடிப்பது, எந்தச் சுவரை இடிப்பது, யாரைத் திரும்பச் சேர்ப்பது எல்லாவற்றுக்கும் ஏழு பேர் கொண்ட ஒரு குழு. அவர்கள் கை தூக்கினால் போதும். யாரிடமும் கேட்க வேண்டாம். தலைமையாசிரியை முதல் பக்கத்தைப் படித்துவிட்டு, "மிச்சத்தை நீங்க படிச்சு வச்சுக்கங்கம்மா" என்று கொடுத்துவிட்டார். அத்தை மூன்று தடவை படித்தாள். திரும்பச் சேர்ப்பது ஒன்பதாம் பிரிவில் இருந்தது. முதல் பத்தி, இடைவெளி எத்தனை வருடமானாலும் குழுவே சேர்க்கலாம் என்றது. இரண்டாம் பத்தி, பள்ளி திறந்து முப்பது வேலை நாளுக்குள் சேர்த்துவிட வேண்டும், அதன் பிறகு பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியல் பொதுத்தேர்வுக்குப் போய்விடும், ஒரு பெயரும் சேர்க்க முடியாது என்றது.

வீட்டில் வந்து சொன்னாள். சிட்டு வாயைப் பிளந்தாள்.

"அப்ப மேலே இல்லையா? இங்கயேவா?"

"இங்கயேதான்."

"யாரு அந்த ஏழு பேரு? நீயும் உண்டா?"

"நான் எழுதுறவடி. எனக்கு ஓட்டு கிடையாது. ஆர்டர் என்ன சொல்லுதுன்னு படிச்சுச் சொல்றதுதான் என் வேலை."

"அது போதும்" என்றாள் சிட்டு. "நீ படிச்சா ஊரே கேக்கும். சத்தமா மட்டும் படி."

மறுநாளே பழைய சீருடையை எடுத்துத் துவைத்தாள். இரண்டு வருடத்தில் வளர்ந்துவிட்டிருந்தாள். பாவாடையின் மடிப்பை அண்ணி பிரித்துவிட்டாள். நீளம் சரியாக வந்தது, ஆனால் மடிப்பு இருந்த இடத்தில் அழுத்தமாக ஒரு நீலக் கோடு நின்றுவிட்டது. "இதைப் பார்த்தா எல்லாரும் நான் பழைய ஆளுன்னு கண்டுபிடிச்சிடுவாங்க" என்று சிட்டு அந்தக் கோட்டை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

குழு அமைந்து, முதல் கூட்டம் கூட, பள்ளி திறந்து பதினாறாம் நாள் ஆகிவிட்டது.

தலைமையாசிரியை அறையில் நீள மேசையின் தலைப்பக்கத்தில் துணி உறை போட்ட ஒரு பெரிய நாற்காலி உண்டு. மண்டல அலுவலகத்திலிருந்து அதிகாரிகள் வந்தால் உட்காருவதற்கு. ஆயா தினமும் அதைத் துடைப்பாள். தலைமையாசிரியைகூட அதில் உட்கார்ந்ததில்லை. அன்று ஏழு பேரும் வந்து மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். இடம் பற்றாமல் ஒரு ஸ்டூலைக்கூடக் கொண்டுவந்து போட்டார்கள். அந்த நாற்காலி மட்டும் காலியாகவே இருந்தது.

தலைமையாசிரியையையும் கணக்கு வாத்தியாரையும் அறிவியல் டீச்சரையும் தவிர, ஊருக்காக மருந்துக்கடைக்காரர், பெற்றோர்களுக்காக மூன்று பேர். அதில் ஒருவர் துணி தேய்க்கிற அம்மா. கை தூக்க வேண்டும் என்று சொன்னதும், "ரெண்டு கையுமா?" என்று கேட்டார். அறையே சிரித்தது. அத்தை மூலையில் தீர்மான நோட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

முதல் காரியம், பள்ளி மணி. பஸ் எட்டே முக்காலுக்குத்தான் வரும், மணி எட்டரைக்கே அடித்துவிடும். இருபது வருடமாகப் பாதிப் பிள்ளைகள் வாசலில் நிற்கிறார்கள்.

"இதை நாமளே மாத்தலாமா?" என்றார் தலைமையாசிரியை, யாரோ ஒட்டுக்கேட்கிற மாதிரி குரலைத் தாழ்த்தி.

அத்தை நான்காம் பிரிவைப் படித்தாள். கைகள் உயர்ந்தன. மணி ஒன்பதுக்கு மாறியது.

"இவ்வளவுதானா வேலை?" என்றார் மருந்துக்கடைக்காரர். "இதுக்கா இத்தனை வருஷம் அந்த பஸ்காரனைத் திட்டித் தீர்த்தோம்!"

இரண்டாவது, லாரி ஓட்டுநர் மகள். குடும்பத்தோடு ஊர் ஊராகப் போனதில் ஒன்றரை வருடம் படிப்பு நின்றுவிட்டது. அத்தை ஒன்பதாம் பிரிவின் முதல் பத்தியைப் படித்தாள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கணீரென்று கேட்டது. ஏழு கையும் உயர்ந்தது. "ஆபீஸம்மாவுக்கு இவ்வளவு சத்தம் உண்டா?" என்றார் கணக்கு வாத்தியார். எதையும் பலகையில் முக்கோணம் போட்டுத்தான் விளக்குவார் என்பதால் பிள்ளைகளுக்கு அவர் முக்கோணம். நல்ல மனுஷர். நாக்கு மட்டும் சும்மா இருக்காது.

மூன்றாவதாக இருந்த விண்ணப்பத்தை அவர்தான் கையில் எடுத்தார்.

"அட, இது நம்ம ஆபீஸம்மா வீட்டுப் பொண்ணாச்சே! அதிகாரம் வந்த முதல் நாளே வீட்டுக்கு ஒரு பார்சலா?"

எல்லோரும் சிரித்தார்கள். துணி தேய்க்கிற அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தலைமையாசிரியைகூடச் சிரித்தார். "நல்ல பொண்ணுங்க. என் வகுப்புல கணக்கு அவ போட்டா அப்படியே பலகையில எழுதிடலாம்" என்று கணக்கு வாத்தியார் அடுத்த மூச்சிலேயே சொன்னார். அது அத்தையின் காதில் ஏறவில்லை. காது மடல் இரண்டும் நெருப்பாகச் சுட்டது. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு பென்சிலைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போகாதவள் அவள்.

"ஏம்மா, நீங்களே சொல்லுங்க" என்றார் தலைமையாசிரியை. "இதுக்கும் அதே ஒன்பதுதானே?"

ஆமாங்க மேடம். அவ்வளவுதான் சொல்ல வேண்டும். ஏழு கையும் மேசை மேல் தயாராக இருந்தன.

"இது... ரெண்டு வருஷ இடைவெளிங்க மேடம்" என்றாள் அத்தை. "எதுக்கும் மேலே ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டா நல்லதுங்க."

அறையில் ஒரு மூச்சு இறங்கியது. பாரம் இறக்கி வைத்தவர்கள் விடுகிற மூச்சு. எல்லோர் கண்ணும் அந்தக் காலி நாற்காலிக்குப் போய்த் திரும்பியது.

"அதான் சரி" என்றார் மருந்துக்கடைக்காரர். "நாளைக்கு ஒரு சொல் வந்துடக் கூடாது பாருங்க."

கணக்கு வாத்தியார் முகம்தான் மாறியது. "அம்மா, நான் சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன். இப்பவே போட்டுடலாமே?"

"இல்ல சார். கேட்டுக்குவோம்" என்றாள் அத்தை. ஒரு தரம் சொன்னதோடு விடவில்லை, அழுத்தியும் சொன்னாள். முப்பது நாள் என்று சொல்லும் அந்த இரண்டாம் பத்தியை அவள் படிக்கவில்லை. அது அந்த அறையில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். இன்னும் பதினாலு நாள் இருக்கிறது, பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரத்து அலுவலகம், ஒரு வாரத்தில் பதில் வந்துவிடாதா என்று மனதுக்குள் கணக்குப் போட்டாள். வேறு யாராவது அந்தக் கணக்கைப் போட்டிருந்தால் அவளே சிரித்திருப்பாள்.

அன்று வீட்டுக்கு நடக்கும்போது நெஞ்சு நிமிர்ந்துதான் நடந்தாள். யாரும் ஒரு சொல் சொல்லிவிட முடியாதபடி நடந்துகொண்டோம் என்று ஒரு நிறைவு. தெருமுனையில் சிட்டு நிற்பதைப் பார்த்ததும்தான் அந்த நிறைவு எங்கேயோ ஓட்டை வழியாக இறங்கிப் போனது.

"என்னாச்சு அத்தை?"

"ஒண்ணுமில்லடி, எல்லாருக்கும் சம்மதம்தான். சும்மா பேருக்கு மேலே ஒரு வார்த்தை கேட்டிருக்காங்க. பதில் வந்துடும்."

"வந்துடுமா?"

"வந்துடும்."

யார் கேட்கச் சொன்னது என்று சிட்டு கேட்கவில்லை. அத்தையும் சொல்லவில்லை.

புது ஆர்டரில் இன்னொன்றும் இருந்தது. குழு என்ன பேசியது, யார் என்ன சொன்னார்கள் என்பதை ஊர் அறிய மூன்று நாளுக்குள் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். அத்தைதான் எழுதினாள். அவளுக்கு மாற்றி எழுதத் தெரியாது. நடந்ததை நடந்தபடி, தன் முத்து எழுத்தில் எழுதினாள். மூன்றாவது காரியத்துக்கு வந்தபோது பேனா கொஞ்சம் நின்றது. மேலிடத்தின் ஆலோசனையைக் கேட்கலாம் என எழுத்தர் கூறியதை அனைவரும் ஏற்றனர். எழுதிக்கொண்டு போய்ப் பலகையின் கீழ் மூலையில், தண்ணீர்த் தொட்டி பற்றிய பழைய அறிவிப்புக்குப் பக்கத்தில் குத்தினாள்.

"இதை யாரும்மா படிக்கப் போறா?" என்றாள் ஆயா. "அந்தப் பலகையைப் படிக்கிறது பல்லி ஒண்ணுதான்."

மறுநாள் கடிதம் மண்டல அலுவலகத்துக்குப் போனது. கடைசி வரி தானாக வந்து உட்கார்ந்தது: தங்கள் மேலான முடிவுக்காக.

அன்றிலிருந்து சாயங்காலமானால் சிட்டு தெருமுனையில் நிற்பாள். "தபால் வந்துச்சா அத்தை?" என்று கேட்பாள். "இன்னும் இல்லடி" என்பாள் அத்தை. "சரி, நாளைக்கு வரும்" என்று அத்தையின் குடையை வாங்கிக்கொண்டு முன்னால் நடப்பாள் சிட்டு. இருபதாம் நாள் வரவில்லை. இருபத்துமூன்றாம் நாள் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் லாரி ஓட்டுநர் மகள் பத்தாம் வகுப்பில் மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஒன்பது மணிக்கு மணி அடித்தது, வாசலில் யாரும் நிற்கவில்லை. நேரில் போய்க் கேட்கலாம் என்று தினமும் தோன்றும். சொந்தக் காரியத்துக்கு லீவு போட்டுப் போனாள் என்று ஒரு பேச்சு வரக் கூடாதே என்று தினமும் இருந்துவிடுவாள்.

இருபத்தேழாம் நாள் பொறுக்க மாட்டாமல் பஸ் ஏறினாள்.

மண்டல அலுவலகத்துக்கு அவள் வருவது அதுவே முதல் தடவை. இத்தனை வருடம் எழுதிய கடிதங்கள் வந்து சேர்ந்த இடம், மூன்றாம் மாடி. படியேறும்போது மூச்சு வாங்கியது. மேலே என்றால் இதுதானா என்று நினைத்துக்கொண்டாள். நீள வராந்தா, வெற்றிலைக் கறை இல்லாத ஒரே ஒரு மூலை, அதில் கயிறு கட்டிய கோப்புகள். தபால் பிரிவில் அவள் கடிதத்துக்கு ஒரு எண் போட்டிருந்தார்கள். அதற்கு மேல் அது எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் சாமான் அறையில் ஒருவர் கிடைத்தார். முன்னே சேர்க்கைப் பிரிவில் இருந்தவர். காலி அட்டைப்பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"சேர்க்கைப் பிரிவா? அதைத்தான் கலைச்சிட்டாங்களேம்மா. முடிவெல்லாம் இனிமே உங்க பள்ளிக்கூடத்துலதான்னு ஆனப்புறம் இங்க எதுக்கு சீட்டு? என்னையே இங்க தூக்கிப் போட்டுட்டாங்க, பாருங்க."

"அப்ப எங்க கடிதம்?"

"அதைப் பார்க்க ஆளே இல்லையேம்மா. எங்கயாவது சுத்திக்கிட்டிருக்கும்." அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அதிகாரம் உங்க கையில இருக்கு. அதை வச்சுக்கிட்டு நீங்க ஏன் எங்க வாசல்ல வந்து நிக்கறீங்க?"

"அதையே ஒரு தாள்ல எழுதிக் கொடுத்துடுங்க சார். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"எழுதிக் கொடுக்க எனக்கு ஏதும்மா அதிகாரம்?" என்றார் அவர். சிரிக்காமல்தான் சொன்னார்.

பள்ளிக்குத் திரும்பி ஓடி வந்தபோது மணி நாலு. தலைமையாசிரியை பையை எடுத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். அத்தை வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் வழியை மறித்து நின்றாள்.

"மேடம், நான் சொன்னது தப்புங்க. கேட்டிருக்கவே வேண்டாம். முப்பது நாள் கெடு இருக்குங்க. நாமளே போட்டுடலாங்க."

தலைமையாசிரியை கெட்டவர் இல்லை. உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, இரண்டாம் பத்தியைத் தானே வாங்கிப் படித்தார். படித்துவிட்டு மறுபடி முதல் வரிக்குப் போனார்.

"கேட்டுட்டோமேம்மா" என்றார் கடைசியில். "கேட்டுட்டு, பதில் வர்றதுக்குள்ள நாமளே செஞ்சா, அப்புறம் எதுக்குக் கேட்டீங்கன்னு கேக்க மாட்டாங்களா? எனக்கு ஓய்வுக்கு எட்டு மாசம் இருக்கு."

"யாரு மேடம் கேப்பா? அங்க ஆளே இல்லங்க."

"அதெல்லாம் அப்படி இல்லாமப் போகாதும்மா." அவர் கண் காலி நாற்காலிக்குப் போனது. பிறகு இளகினார். "சரி, கூட்டத்தைக் கூப்பிடலாம்னாலும், மூணு முழு வேலை நாள் முன்னாடி நோட்டீஸ் கொடுக்கணும்னு நீங்கதானே படிச்சீங்க? இன்னிக்குக் கொடுத்தா?"

அத்தை விரல் விட்டு எண்ணினாள். இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது. மறுபடி எண்ணினாள். கூட்டம் முப்பத்தோராம் நாள்தான் கூடும். ஒரே ஒரு நாள். நேற்று பஸ் ஏறியிருந்தால் போதும்.

முப்பதாம் நாள் பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியலை அத்தைதான் தட்டச்சு செய்தாள். நாற்பத்தொரு பெயர். அகர வரிசையில் பதினேழாவது பெயருக்கும் பதினெட்டாவது பெயருக்கும் நடுவில் விரல் நின்றுவிட்டது. அங்கேதான் சிட்டுவின் பெயர் வர வேண்டும். எவ்வளவு நேரம் நின்றதோ, ஆயா வந்து, "கரண்ட் போயிடுச்சாம்மா?" என்று கேட்டாள்.

அன்றும் தெருமுனையில், "தபால் வந்துச்சா அத்தை?"

"இன்னும் இல்லடி."

பதில் முப்பத்துநான்காம் நாள் வந்தது, சனிக்கிழமை, அரை நாள் பள்ளி. இரண்டே வரி. பொருளில் கண்ட விஷயத்தில் முடிவெடுக்கும் அதிகாரம் தங்களுக்கே உள்ளது. விளக்கம் ஏதும் தேவையில்லை. அத்தை அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அன்று தெருமுனையில் யாரும் இல்லை, அவள் இந்நேரம் வருவாள் என்று யாருக்கும் தெரியாது. சிட்டு பின்கட்டில் உட்கார்ந்து, பழைய பத்தாம் வகுப்புப் புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். அத்தை முகத்தைப் பார்த்ததும் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

அத்தை தாளை நீட்டினாள். சிட்டு படித்தாள். இரண்டு வரியைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது. அவள் வெகுநேரம் படித்தாள்.

"இனிமே முடியாதா அத்தை?"

"பட்டியல் போயிடுச்சுடி. தனியாப் பணம் கட்டிப் பரீட்சை எழுதலாம். நான் கேட்டுட்டேன். வீட்டுலயே படிச்சு..."

"நான் பரீட்சையா கேட்டேன்? வகுப்புல உக்காரணும்னு கேட்டேன்."

பஸ்ஸிலும் நடையிலும் இத்தனை நாள் கட்டி வைத்திருந்ததை அவிழ்க்க அத்தை வாயைத் திறந்தாள். "சிட்டு, அன்னிக்குக் கூட்டத்துல..."

"தெரியும் அத்தை."

"என்ன தெரியும்?"

"கூட்டம் நடந்து மூணாம் நாள் நீ சாப்பாட்டை மறந்துட்டுப் போயிட்டே. கொண்டுவந்து ஆயாகிட்ட கொடுத்தேன். அப்ப பலகையில பார்த்தேன். உன் எழுத்து எங்க இருந்தாலும் எனக்குத் தெரியுமே."

அதற்குப் பிறகு எத்தனை சாயங்காலம். எத்தனை தபால் வந்துச்சா. எத்தனை தடவை அந்தக் குடையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். எல்லாம் தெரிந்துகொண்டா?

"அப்ப ஏண்டி என்னை ஒரு வார்த்தை கேக்கல?"

"நீ வந்துடும்னு சொன்னியே" என்றாள் சிட்டு. "நீ சொன்னா வரும்னு இருந்தேன்."

பிறகு அவள் அந்தத் தாளை இருந்தபடியே மடித்து அத்தையிடம் கொடுத்தாள். கத்தரித்த தாள் துண்டுகளைக் கூட்டி அள்ளினாள். அள்ளிக்கொண்டே, தலை நிமிராமல், கோபம் ஏதுமில்லாத குரலில் கேட்டாள்.

"லாரிக்காரர் பொண்ணுக்குப் படிச்சியே அத்தை. நான் உன் அண்ணன் பொண்ணா இல்லாம இருந்திருந்தா, எனக்கும் படிச்சிருப்பியா?"

உள்ளே கட்டிலில் அண்ணன் தடியைத் தேடுகிற சத்தம் கேட்டது. அத்தை நின்றுகொண்டே இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணி சீருடையை மடித்துப் பரண் மேல் வைத்தாள். காலர் பிரிவில் ஒரு ஆள் குறைவாக இருக்கிறது, சூப்பர்வைசரிடம் சொல்லி வைத்திருக்கிறேன் என்று யாரையும் பார்க்காமல் சொன்னாள். "என்னால வந்த வினை" என்றார் அண்ணன்.

அந்த வீட்டில் யாரும் போகிறேன் என்று சொல்லிக் கிளம்ப மாட்டார்கள். வரேன் என்பார்கள். சிட்டு சின்னப் பிள்ளையாக இருக்கும்போது அதைச் சொல்ல மறந்துவிட்டால் தெருமுனையிலிருந்து திரும்பி ஓடி வருவாள். "வரேன் அத்தை" என்று வாசலில் நின்று மூச்சிரைக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஓடுவாள். மணி அடித்துவிடும் என்று அண்ணி கத்துவாள்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குக் கம்பெனி வேன் தெருமுனையில் வந்து நின்று ஹாரன் அடித்தது. அண்ணி முன்னால் போய்விட்டாள். சிட்டு சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டாள், செருப்பைப் போட்டுக்கொண்டாள். வாசலில் அத்தை நின்றுகொண்டிருந்தாள். சிட்டு நிதானமாக அவளைச் சுற்றிக்கொண்டு, தோள் படாமல், படியிறங்கினாள்.

அத்தை வாசலிலேயே நின்றாள். முனை வரைக்கும் போனவள் ஒரு தரம் நின்றாள். வேன் கதவு திறந்தது. டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு சிட்டு உள்ளே ஏறினாள்.